துணிந்து நிற்கும் காட்சி

ஹொக்கியன் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு சீன மூதாட்டி. தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவர். இருவருடைய பூனையும் தொலைந்துவிட்டது. தேடி அலையும் வழியில் ஒருவருக்கொருவர் எதிர்ப்படுகிறார்கள். அவர் பேசுவதில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. அவள் பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கை பேசுகிறது, முகம் பேசுகிறது, குரல் ஏறி இறங்குகிறது. சற்று நேரத்தில் இருவரும் ஒரே துயரத்தைத்தான் சுமந்து திரிகிறார்கள் என்பது இருவருக்கும் விளங்கிவிடுகிறது. குவோ பாவ் குன் உருவாக்கி இயக்கிய 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தின் உயிரான காட்சி இது. 1988-இல் சிங்கப்பூரில் அது மேடையேறியது.

ஆங்கிலம், மாண்டரின், ஹொக்கியன், தியோச்சிவ், கேண்டனிஸ், மலாய், தமிழ் என ஏழு மொழிகளும் கிளைமொழிகளும் அந்த ஒரே மேடையில் ஒலித்தன. சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம். பன்மொழி என்றதும் நமக்கு ஒரு படம் மனத்தில் எழும்: நான்கு இனத்தவர் நான்கு நிறத்தில் உடுத்தி வரிசையாக நின்று கைகோத்துப் பாடும் படம். இந்த நாடகத்தையும் அந்தப் படத்துக்குள் அடக்கி, இன நல்லிணக்கத்தின் சின்னமாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு இந்த நாடகத்துக்குப் போதாது. என்னை ஈர்ப்பது அதன் கட்டுமானம். பார்வையாளர் எதை எதிர்பார்த்து உட்காருகிறார் என்பதைத் துல்லியமாகக் கணித்து, அந்த எதிர்பார்ப்பைக் காட்சிக்குக் காட்சி கழற்றி வைத்து, கடைசியில் மேடையில் இருப்பவரைப் போலவே பார்வையாளரும் துணிய வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் கட்டுமானம் அது.

கதை எளிது. ஒரு தாய் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவர்கள் பள்ளிக்குப் போய் ஆங்கிலமும் மாண்டரினும் கற்று அந்த மொழிகளுக்கே குடிபெயர்கிறார்கள். தாயின் ஹொக்கியன் அவளோடு தனித்து நிற்கிறது. அவளுடைய பேச்சைக் கேட்க வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு பூனை. அந்தப் பூனையும் காணாமல் போகிறது. தாய் அதைத் தேடி வெளியேறுகிறாள். இவ்வளவுதான். ஒரு சிறுகதைக்கே போதுமா என்று ஐயம் எழுப்பும் அளவு மெலிந்த கதை. ஆனால் இதை ஏழு மொழிகளில் சொல்வது, அதுவும் எந்த மொழிக்கும் விளக்கம் தராமல் சொல்வது என்று முடிவெடுத்த கணத்திலேயே அது வேறு பொருளாகிவிட்டது.

அரங்கில் உட்காரும் எவருக்கும் அடிப்படையான ஓர் எதிர்பார்ப்பு உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறேன், மேடையில் சொல்லப்படுவது எனக்குப் புரிய வேண்டும். இது பேசப்படாத ஒப்பந்தம். நம் தெருக்கூத்தில்கூட இந்த ஒப்பந்தத்தைக் காப்பதற்கென்றே கட்டியங்காரன் இருக்கிறான். வேடம் வருவதற்கு முன்பே யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று சொல்லிவிடுவான்; பாட்டின் பொருள் பிடிபடாதவர்களுக்குப் பேச்சில் எடுத்துச் சொல்வான். குவோவின் மேடையில் கட்டியங்காரன் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் தாயின் பேச்சு மூடியிருக்கும். மாண்டரின் தெரிந்தவருக்குத் தமிழ் மூடியிருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு நாடகத்தின் பெரும்பகுதியே மூடியிருக்கும். அந்த ஏழையும் தெரிந்த ஒருவரைச் சிங்கப்பூரில்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, இந்த நாடகம் முழுவதும் புரியும் ஆள் அரங்கில் அநேகமாக ஒருவரும் இல்லை. இப்படி ஒரு நாடகத்தை அமைப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே சிக்கலை உலக நாடகம் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. அயர்லாந்தின் பிரையன் ஃப்ரீல் எழுதிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' 1980-இல் டெர்ரி நகரில் மேடையேறியது. அதில் ஐரிஷ் மொழி பேசும் கிராமத்துப் பெண்ணும் ஆங்கிலம் பேசும் இராணுவ அதிகாரியும் காதலிக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் மேடையில் இருவருமே ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். இருவரும் வெவ்வேறு மொழி பேசுவதாக நாம் பாவித்துக்கொள்ள வேண்டும். அதனால் பார்வையாளருக்கு இரண்டு பக்கமும் புரியும். காதலர்கள் தடுமாறுவதை நாம் மேலிருந்து கனிவோடு பார்ப்போம். மகத்தான காட்சிதான் அது. ஆனால் அங்கே பார்வையாளர் பாதுகாப்பாக இருக்கிறார். குவோ அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. மூதாட்டியும் தமிழ் முதியவரும் எவ்வளவு இருட்டில் நிற்கிறார்களோ அதே இருட்டில் நம்மையும் நிறுத்துகிறார். அவர்கள் கண்டுபிடிக்கும்போதுதான் நாமும் கண்டுபிடிக்கிறோம்.

இந்தக் காட்சியின் நுட்பத்தை நடிப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் வியப்பு கூடும். தமிழ் முதியவராக வரும் நடிகருக்கு முன்னால் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. அரங்கில் பெரும்பாலோருக்குத் தன் மொழி வெறும் ஓசை என்று அவருக்குத் தெரியும். அதனால் சைகையைப் பெரிதாக்கிப் பேச்சைச் சுருக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் காட்சி ஊமை விளையாட்டாகிவிடும்; பொருள் உடனே கிடைத்துவிடும்; தேடல் செத்துவிடும். மறுபுறம், பேச்சையே நம்பிக் கையைக் கட்டிவைத்தால் இழை அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடுகிறது. அதில் நடக்கிறவர் தன் பூனையைப் பற்றித் தமிழில் முழுமையாக, தேவைக்கு மேலேயே பேச வேண்டும். வீட்டில் பேசுகிற பேச்சாக, அலுப்பும் கொஞ்சலும் கலந்த பேச்சாக இருக்க வேண்டும். ஏனென்றால் அரங்கில் தமிழ் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தாலும் சொல் பொய்யாக ஒலித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். புரியாதவர்களுக்கும் அது எப்படியோ தெரிந்துவிடும். பொருளோடு சொல்லப்படும் சொல்லின் மூச்சு வேறு, ஒலிக்காகச் சொல்லப்படும் சொல்லின் மூச்சு வேறு.

அவர் சொல்வது நிறைய, கை காட்டுவது கொஞ்சம். அந்த இரண்டுக்கும் இடையே எஞ்சி நிற்பதில்தான் இந்தக் காட்சியின் சுவை இருக்கிறது. அந்த எச்சம் தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும். மூதாட்டியின் பேச்சில் எஞ்சுவது ஹொக்கியன் தெரிந்தவருக்கு மட்டும். எனவே சிரிப்பும் பெருமூச்சும் அரங்கு முழுவதிலும் ஒரே நேரத்தில் எழ முடியாது. ஒரு மூலையில் எழும். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னொரு மூலையில் எழும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்ற உணர்வு ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது வரும். அப்படித் திரும்பிப் பார்க்க வைப்பதும் நாடகத்தின் ஒரு பகுதி. மேடையைப் பார்க்க வந்தவர்களை ஒருவரையொருவர் பார்க்க வைத்துவிடுகிறார் இயக்குநர். இதற்கு விளக்கோ திரையோ தேவைப்படவில்லை. மொழிகளைப் பங்கிட்ட விதமே போதுமாக இருக்கிறது.

தொல்காப்பியர் எண்ணிக்காட்டிய எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம், மருட்கை, நகை, உவகை ஆகிய நான்கையும் இந்தக் காட்சிக்குள் வரிசையாகக் காணலாம். முன்பின் தெரியாதவரிடம் முதலில் தயக்கம். அவரும் எதையோ தேடுகிறார் என்று உணரும்போது வியப்பு. சைகைகள் தவறிப் போகும்போது சிரிப்பு. பொருள் பொருந்தும் இடத்தில் மகிழ்ச்சி. ஒரு மெய்ப்பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. வைக்காவிட்டால் காட்சி அங்கேயே நின்றுவிடும். தான் கேலிக்கு ஆளாகலாம், விரட்டப்படலாம், தவறாக நினைக்கப்படலாம் என்று தெரிந்தும் அந்த அடியை எடுத்து வைப்பதைத்தான் துணிவு என்கிறேன். பெரிய வசனம் எதுவும் பேசாத துணிவு.

இப்போது இந்தக் காட்சியைத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடகத்தின் நியாயம் அங்கேதான் துலங்குகிறது. பிள்ளைகளுக்குத் தாயின் மொழி அந்நியமான ஒன்றல்ல. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த மொழி. ஆனால் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறார்கள். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். தாயும் பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். இரு பக்கமும் எதிர்பார்ப்பால் நிறைந்திருப்பதால் நடுவில் ஒரு புதுச் சொல் நுழைய இடமில்லை. தமிழ் முதியவரிடம் மூதாட்டிக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. அவருக்கும் அவளிடம் எதுவும் இல்லை. அதனாலேயே இருவரும் முழுக்கவனத்தோடு கேட்கிறார்கள். உறவு இருக்கும் இடத்தில் கேட்பது நின்றுபோவதையும், உறவே இல்லாத இடத்தில் கேட்பது தொடங்குவதையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவதுதான் இந்த நாடகத்தின் அடிப்படைத் திட்டம் என்று நான் கருதுகிறேன்.

நாடகம் பிறந்த ஆண்டை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1979-இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. சீனக் கிளைமொழிகளுக்குப் பதிலாகச் சீனர்கள் மாண்டரினில் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுத்த சில ஆண்டுகளில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் நின்றன. 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியானது. இந்த மாற்றத்தின் தடத்தை லிட்டில் இந்தியாவிலேயே பார்க்கலாம். நாம் தலைமுறைகளாகத் தேக்கா என்று அழைத்துவரும் சந்தையின் பெயர் ஹொக்கியனிலிருந்து வந்தது. 1980-களில் புதுக் கட்டடம் வந்தபோது அதற்கு 'சூஜியாவ்' என்ற மாண்டரின் பெயர் சூட்டினார்கள். மக்கள் வாயில் அது ஒட்டவே இல்லை. 2000-இல் தேக்கா என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. ஒரு சந்தையின் பெயரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் அறுந்த பேச்சை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தமிழர்களுக்கும் இந்தக் கதை அடுத்த வீட்டுக் கதை ஆகிவிடாது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கிறது, பள்ளிப் பாடமாக இருக்கிறது, நாளிதழும் வானொலியும் இருக்கின்றன. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் கூடத்தில் தாத்தா தமிழில் கேட்கும் கேள்விக்குப் பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காட்சி எந்தக் குடும்பத்துக்குப் புதிது? குவோவின் மேடையில் பூனையைத் தேடி வரும் தமிழ் முதியவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், அவருடைய பேச்சை யார் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் தமிழ்ப் பார்வையாளருக்கு நெஞ்சு கனக்கும். தன் மொழியை எதிர்பாராமல் பெரிய மேடையில் கேட்ட மகிழ்ச்சியோடு தொடங்கி, தன் வீட்டை நினைத்துக் கலங்குவதில் போய் நிற்பார். அந்த மகிழ்ச்சியிலேயே நின்றுவிடுகிறவருக்கு நாடகத்தின் பாதிதான் கிடைத்திருக்கிறது.

குவோ யார் என்று தெரிந்தால் இந்தத் துணிவின் விலையும் தெரியும். 1939-இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்தார். பதின்ம வயதிலேயே ரெடிஃப்யூஷன் வானொலியில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாடகங்களில் காதுக்கு முதலிடம் இருக்கிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் நாடகம் பயின்று திரும்பி, 1965-இல் மனைவியும் நடனக் கலைஞருமான கோ லே குவானுடன் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1976-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். மறு ஆண்டே அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. நான்கரை ஆண்டுகளுக்குப் பின் 1980-இல் வெளியே வந்தார். குடியுரிமை மீண்டும் கிடைத்தது 1992-இல்.

அப்படியானால் 'பூனையைத் தேடும் அம்மா'வை அவர் மேடையேற்றிய 1988-இல் அவர் இந்நாட்டின் குடிமகனாகக்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடந்த கைதுகளில் 'தேர்ட் ஸ்டேஜ்' என்ற ஆங்கில நாடகக் குழுவினர் சிலரும் இருந்தார்கள். நாடகக்காரர்கள் அடக்கி வாசிக்கக் காரணம் நிறையவே இருந்த காலம் அது. அந்தக் காலத்தில், ஊடகங்களிலிருந்து நீங்கிவிட்ட ஹொக்கியனைத் தன் கதாநாயகியின் வாயில் வைத்தார். முழக்கமோ குற்றச்சாட்டோ அதில் இல்லை. ஒரு தாய் தன் மொழியில் பேசினாள்; அவ்வளவுதான். யாரும் எதிர்த்துப் பேச முடியாத எளிமை அது. ஒருவருக்கு எதிராக எழுதுவதைவிட, ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது அவருடைய வழி. குடியுரிமை இல்லாத நிலையிலேயே அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அவருடைய மற்ற நாடகங்களும் எதிர்பார்ப்பு, துணிவு என்ற இதே இரண்டு நூல்களால் நெய்யப்பட்டவைதாம். 1984-இல் எழுதிய 'குழிக்குப் பெரிதான சவப்பெட்டி' ஒற்றை நடிகர் நின்று பேசும் நாடகம். தாத்தாவின் கனத்த சவப்பெட்டி வரையறுக்கப்பட்ட குழிக்குள் இறங்க மறுக்கிறது. ஒருவருக்கு ஒரு குழி என்பது விதி. குடும்பத்தின் எதிர்பார்ப்பு பேரனின் தோளில். விதியைக் காக்கும் எதிர்பார்ப்பு அதிகாரியின் தோளில். கடைசியில் விதிவிலக்கு கிடைக்கிறது. 1990-இல் வந்த 'லாவ் ஜியூ' இன்னும் நேராக இந்தக் கேள்வியைத் தொடுகிறது. எட்டுப் பெண்களுக்குப் பின் ஒன்பதாவதாகப் பிறந்த ஒரே மகன். அவன் பெரிய கல்வி உதவித்தொகை பெற்றுக் குடும்பத்தை உயர்த்துவான் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவன் மனமோ நலிந்து வரும் பொம்மலாட்டத்தில் கிடக்கிறது. இந்த இரண்டு நாடகங்களிலும் எதிர்பார்ப்புக்கு ஒரு முகவரி இருக்கிறது: அலுவலகம், குடும்பம், தேர்வு. 'பூனையைத் தேடும் அம்மா'வில் அப்படிக் கைகாட்ட யாரும் இல்லை. விதிவிலக்கு தருவதற்கு ஓர் அதிகாரியும் இல்லை. அதனாலேயே மூன்றில் இதுவே ஆழமானது என்பேன்.

இந்த நாடகம் உருவான முறையிலும் துணிவு இருந்தது. முடித்து வைத்த பிரதியை நடிகர்கள் மனப்பாடம் செய்த நாடகம் இல்லை இது. பல மொழி பேசும் நடிகர்கள் பட்டறையில் கூடி, தத்தம் மொழியையும் குடும்ப நினைவுகளையும் கொண்டுவந்து போட்டு, குவோவின் கையில் உருப்பெற்றது. ஒத்திகை அறையில் இயக்குநருக்கே ஒரு நடிகரின் சொல் புரியாமல் போகக்கூடும். அந்த நேரத்தில் நடிகரின் உடலையும் குரலையும் நம்பித்தான் ஒன்று சரி, ஒன்று சரியில்லை என்று சொல்ல முடியும். மேடையில் மூதாட்டியும் முதியவரும் செய்வதை ஒத்திகையில் குழுவே செய்திருக்க வேண்டும். நாடகத்தின் பொருளும் அது பிறந்த விதமும் இவ்வளவு பொருந்திப் போவது அரிது.

குவோவின் 'தியேட்டர் பிராக்டிஸ்' குழு இன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தால் எட்டிவிடும் தூரம். அதே தெருவில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீன மூதாட்டிகள் கிருஷ்ணன் சன்னிதி முன்னும் நின்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவதை எந்த நாளும் பார்க்கலாம். அவர்களுக்கு அர்ச்சகரின் மந்திரம் புரிய வேண்டியதில்லை. கோயிலுக்கும் அவர்களுடைய வேண்டுதல் புரிய வேண்டியதில்லை. குவோ தன் காட்சியை வானத்திலிருந்து பறித்துவரவில்லை என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி. இந்த ஊரில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒன்றை, யாரும் மேடைக்கு உரியதாக நினைக்காத ஒன்றை, அவர் நாடகமாகக் கண்டுகொண்டார்.

ஒரு நாடகம் செவ்வியல் தகுதி பெற்றுவிட்டால் அதற்கென்று புதிய ஆபத்து வருகிறது. பாடப்புத்தகத்தில் நுழைந்துவிடும். அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தே மக்கள் வந்து உட்காருவார்கள். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழத் தயாராக இருப்பார்கள். எதிர்பார்ப்பைக் கலைத்த நாடகமே ஓர் எதிர்பார்ப்பாகிவிடும். பல செவ்வியல் படைப்புகள் இப்படித்தான் உயிரோடு பதப்படுத்தப்படுகின்றன. 'பூனையைத் தேடும் அம்மா'வை அந்தக் கதியிலிருந்து காப்பாற்றும் ஒன்று, விந்தையாக, மேடைக்கு வெளியே நடந்திருக்கிறது. நாடகப் பிரதி மாறவில்லை. பார்வையாளரின் காது மாறிவிட்டது.

1988-இல் அரங்குக்கு வந்த சீனர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏதாவது ஒரு கிளைமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். தாயின் பேச்சு அவர்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசுவது சீனக் கிளைமொழி என்று சொன்னவர்கள் 8.7 விழுக்காடு, பத்தாண்டுகளுக்கு முன்பு அது 14.3 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலம் 48.3 விழுக்காடு. தமிழ் 2.5 விழுக்காடு. இன்று இந்த நாடகத்தைப் பார்க்கும் சீன இளைஞருக்குத் தமிழ் முதியவர் மட்டுமல்ல, கதாநாயகியான தாயே புரியாத மொழி பேசுகிறவள். அன்று பார்வையாளர் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். இன்று அவர் பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தாய் பேசுகிறாள், அவருக்குக் கேட்கவில்லை. தாயின் பேச்சைக் கேட்காத பிள்ளை தானேதான் என்று உணர அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. நான் அறிந்தவரை, ஒரு சொல்லும் மாறாமல் காலம் போகப்போகக் கூர்மை ஏறிவரும் நாடகங்கள் வெகு சில. அவற்றில் இது ஒன்று.

அதனால்தான் மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிங்கப்பூரில் இன்று தமிழ் நாடகத்துக்கும் சீன நாடகத்துக்கும் ஆங்கில வரிகள் ஓடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான நாடகங்களுக்கு அது நன்மையே. வேற்று மொழிப் பார்வையாளரைத் தமிழ் நாடகத்துக்கு அழைத்துவர அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இந்த நாடகத்துக்கு, குறைந்தது அந்த ஒரு காட்சிக்கு, திரையை அணைத்துவிட வேண்டும். வரி ஓடினால் பார்வையாளரின் கண் நடிகரின் முகத்தை விட்டு மேலே போய்விடும். முதியவர் மூச்சு வாங்கிச் சொல்லத் தொடங்கும் முன்பே அவர் சொல்லப் போவது கையில் கிடைத்துவிடும். இருவரும் வியர்த்துத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒன்றை நாம் உழைக்காமல் பெற்றுக்கொள்வோம். பெற்றதை உடனே மறந்தும் விடுவோம். புரியாமையைத் தாங்கிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களே நாடகம் நமக்குத் தரும் செல்வம். அதை வசதிக்காக விற்றுவிடக்கூடாது.

இந்தக் காட்சியை வெறும் இனிமையாக நடிப்பதும் அதற்குச் செய்யும் அநீதி. தமிழ் முதியவரைக் கண்டதால் மூதாட்டியின் பிள்ளைகள் அவளிடம் திரும்பிவிடவில்லை. இரண்டு தனிமைகள் சந்தித்தன, இரண்டும் தீர்ந்துவிடவில்லை. அவர்கள் பிரியும்போது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின் மௌனத்துக்கே திரும்ப வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொண்டு நடித்தால் அந்த மகிழ்ச்சிக்கு எடை கூடும். மறந்துவிட்டு நடித்தால் அது தேசிய தினப் பாடலின் காட்சிப்படம்போல ஆகிவிடும். குவோ எழுதியது கொண்டாட்டத்தை அல்ல. ஓர் ஊர் எதை இழந்துகொண்டிருக்கிறது என்பதையும், இழந்த பின்னும் அதனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் ஒரே காட்சியில் அவர் வைத்தார்.

அந்த மிச்சத்தை அவர் மேடையோடு விட்டுவிடவும் இல்லை. 1990-இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பழைய துணை மின்நிலையக் கட்டடத்தில் 'சப்ஸ்டேஷன்' கலை மையத்தைத் தொடங்கினார். எந்த மொழிக் கலைஞரும் சோதனை செய்து பார்க்கவும் தோற்றுப் பார்க்கவும் அங்கே இடம் இருந்தது. 2000-இல் தி. சசிதரனுடன் சேர்ந்து ஒரு நடிப்புப் பள்ளியை உருவாக்கினார். இன்று 'இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்' என்ற பெயரில் இயங்கும் அந்தப் பள்ளியில் பல நாடுகளிலிருந்து வரும் மாணவர்கள் கூடியாட்டம், நோ, பெய்ஜிங் இசைநாடகம், ஜாவாவின் வாயாங் வோங் ஆகிய மரபுகளைப் பயில்கிறார்கள். ஒருவரின் தாய்மொழி மற்றவருக்குத் தெரியாத வகுப்பறை அது. தெரியாதவரோடு சேர்ந்து நிற்கவும் கேட்கவும் பழகுவதே அங்கே பாதிப் பயிற்சி. குவோ 2002 செப்டம்பரில் காலமானார். அடுத்த மாதம் எஸ்பிளனேட் அரங்கம் திறக்கப்பட்டது. பெரிய மேடைகள் வருவதற்கு முன்பே அவற்றில் நிற்கத் தகுந்த துணிவை அவர் வளர்த்து வைத்துவிட்டுப் போனார்.

தமிழ் நாடக ரசிகர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நம்புகிறேன். நம் மொழி மேடையில் ஒலித்தால் போதும் என்று நாம் பல காலம் ஆசைப்பட்டிருக்கிறோம். சிறுபான்மை மொழிக்கு அந்த ஆசை இயல்பு. ஆனால் குவோ தமிழுக்கு அளித்தது சலுகையாக ஒதுக்கிய ஒரு நாற்காலி இல்லை. நாடகத்தின் திருப்புமுனையையே தமிழ் பேசும் ஒருவரின் கையில் ஒப்படைத்தார்; அவர் இல்லாவிட்டால் அந்தக் கதையே நிற்காது. அந்த மரியாதையை நாமும் பிறருக்குத் திருப்பித் தர வேண்டும். மொழி தெரியாத நாடகம் ஒன்றுக்கு ஆண்டில் ஒரு முறையாவது போய் உட்காருங்கள். வரி ஓடும் திரையைப் பார்க்காமல் முகங்களைப் பாருங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனால், புரியாதவர் ஒருவரை நோக்கி ஓர் அடி வைப்பதற்கான பயிற்சி நமக்குக் கிடைக்கும். பல மொழிகள் பேசும் ஒரு நகரத்தில் வாழ்வதற்கு வேறு தகுதி எதுவும் அவ்வளவு அவசியமில்லை.